கிண்டியா, வேறு கல்லூரியா? பொறியியல் கலந்தாய்வு கேள்வி பதில்

வணக்கம். பல வருடமாகப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கலந்தாய்வு நாட்களில் உதவி மையத்தில் உட்கார்ந்து, விருப்பப் பட்டியல், அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற வரிசை, போட வரும் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். நீட், சட்டக் கல்லூரி பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது என் துறை இல்லை.

தருமபுரியிலிருந்து ஒரு அப்பா: எந்தக் கல்லூரியில் படித்தாலும் பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதானே இருக்கும் மேடம்? அப்புறம் கிண்டிக்கு ஏன் இத்தனை போட்டி?

நல்ல கேள்வி ஐயா. பட்டத்தில் பெயர் ஒன்றுதான், படிப்பு ஒன்றில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் நான்கு. கிண்டியில் கிண்டிப் பொறியியல் கல்லூரி என்கிற சிஇஜி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி என்கிற ஏசிடெக், கட்டடக்கலைப் பள்ளி. குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி என்கிற எம்ஐடி. இவற்றுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் தனி. ஆரணி, பண்ருட்டி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் இருப்பவை உறுப்புக் கல்லூரிகள், அவையும் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்துபவையே. மற்றபடி நானூறுக்கும் மேற்பட்டவை இணைப்புக் கல்லூரிகள். அவற்றில் மிக நல்லதும் உண்டு, ஆசிரியர் பாதி இல்லாததும் உண்டு.

வளாகத்தில் என்ன கிடைக்கிறது? கட்டணம் குறைவு என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிது, பக்கத்து அறையில் ஒருவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை கதவைத் தட்டி "அக்கா, இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்கலாம். கேட்ட பிள்ளைகள் பலருக்குப் பாதையே மாறியிருக்கிறது.

இன்னொன்று, வெளியில் அதிகம் கிடைக்காத பிரிவுகள். சிஇஜியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. இன்று அதே கல்லூரியில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் புவித்தகவலியல் படிக்கிறார்கள். சுரங்கவியலும் அச்சுத் தொழில்நுட்பமும் அங்கே உண்டு. எம்ஐடியில் வானூர்திப் பொறியியல், அப்துல் கலாம் படித்தது அதுதான். விருப்பப் பட்டியல் போடும்போது இந்தப் பிரிவுகளை ஒரு முறையாவது படித்துப் பாருங்கள் ஐயா.

மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்: கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88. கட் ஆஃப் எவ்வளவு மேடம்?

கட் ஆஃப் என்றால் தரவரிசை போடும் மதிப்பெண். கணக்கு முழுசாக 92. மற்ற இரண்டும் பாதி, 42, 44. மொத்தம் 200க்கு 178.

திருவாரூர் மாணவர்: என் கட் ஆஃப் 165தான். சிஇஜியை முதல் விருப்பமாகப் போட்டால் கிடைக்கிற கல்லூரியும் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை தம்பி. எல்லோரும் கவனமாகப் படியுங்கள், நான் வருடா வருடம் சொல்லிக் களைத்துப்போகும் விஷயம் இது. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எதில் இடம் காலியாக இருக்கிறதோ அது உங்களுக்கு. மேலே பத்து எட்டாக்கனியைப் போட்டாலும் பதினொன்றாவதுக்கு ஒரு பாதிப்பும் வராது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். ஆசை வரிசையில் போடுங்கள், கட் ஆஃப் வரிசையில் அல்ல.

சேலம் மாணவர்: எனக்கு 158. கோவை கல்லூரியை முதலில் போடுவதா, கிடைக்கக்கூடியதை முதலில் போடுவதா?

மேலே திருவாரூர் தம்பிக்குச் சொன்னதேதான். கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால் அது கிடைத்துவிடும், அதற்கு மேலானது கை நழுவிவிடும்.

ஒரு அம்மா: நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, பிசி. பையனுக்குப் பிசி இடம் மட்டும்தானா?

இல்லை அம்மா. பொதுப் பிரிவின் 31 சதவீத இடத்தில் எல்லோரும் போட்டியிடலாம். அதில் இடம் இல்லையென்றால் பிசி ஒதுக்கீட்டில் பார்ப்பார்கள். தனியாக எதுவும் கேட்க வேண்டாம்.

பெங்களூரில் ஐடியில் இருக்கும் ஒரு அண்ணன்: தம்பிக்கு ஏசிடெக்கில் செராமிக் கிடைக்கும்போல் இருக்கிறது. வெளியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் கம்ப்யூட்டர் என்கிறேன். சரிதானே?

அந்தத் தனியார் கல்லூரியின் பெயரைக் கேட்காமல் சரி என்று சொல்ல மாட்டேன். பிரிவின் பெயர் மட்டும் வேலை வாங்கித் தராது.

அதே அண்ணன்: கம்பெனிக்கு வேண்டியது கோடிங் மேடம். பீங்கான் படித்தவனை யார் கூப்பிடுவார்கள்? நீங்கள் வளாகத்தின் மேல் பாசத்தில் பேசுகிறீர்கள்.

பாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் செராமிக் என்றால் பீங்கான் கோப்பை என்று நினைப்பதுதான் தப்பு.

ஏசிடெக் முன்னாள் மாணவர் ஒருவர்: நான் பதில் சொல்கிறேன் மேடம். உருக்காலைக்குத் தேவையான உள்பூச்சுச் செங்கல் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். உருகிய எஃகு 1,600 டிகிரிச் சூட்டில் இருக்கும்போது அந்தச் செங்கல்தான் கலத்தைக் காப்பாற்றுகிறது. ஒரு கல்லில் விரிசல் விட்டால் உற்பத்தியே நின்றுபோகும். என் வகுப்பில் சாஃப்ட்வேருக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். போக விரும்பியவர்களை யாரும் தடுக்கவில்லை.

அண்ணன்: நாலு வருடம் பிடிக்காததைப் படித்துவிட்டுக் கடைசியில் ஐடிக்குத்தான் வர வேண்டுமென்றால், நேராகவே வரலாமே?

இதில் நியாயம் இருக்கிறது. தம்பிக்குக் கணினியில்தான் ஆர்வம், அந்தக் கல்லூரியிலும் ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள் என்றால் அங்கேயே சேருங்கள், நானே சொல்வேன். ஆனால் இவ்வளவு நேரமாக நாம் மூவரும் பேசுகிறோம், தம்பி என்ன சொன்னான் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லையே?

அண்ணன்: அவனுக்கு வேதியியல் பிடிக்கும். லேபிலேயே கிடப்பான்.

அப்போ பட்டியலை அவனே போடட்டும்.

கிருஷ்ணகிரி மாணவி: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. எதில் விண்ணப்பிக்க வேண்டும்?

இரண்டுக்கும் ஆவணத்தைத் தயாராக வைத்துக்கொள் மா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். பொறியியலுக்கு இது 2021இல் வந்தது. அதில் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் கிடைத்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கைகொடுக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிடு. கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடினால் கூட்டம் தாங்காது. கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தக் கட்டணச் சலுகைகள் கிடையாது.

பி.எஸ்சி. இயற்பியல் பற்றிக் கேட்டவருக்கு: அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வேறு இணையதளத்தில், கலந்தாய்வும் வேறு. அங்கே பாருங்கள்.

விழுப்புரம் மாணவர்: பிரவுசிங் சென்டர் அண்ணனே விருப்பப் பட்டியல் போட்டுத் தருகிறேன் என்கிறார். கட் ஆஃப் 149, பெரிய கல்லூரியை மேலே போட்டால் வீணாகும் என்றும் சொன்னார்.

வீணாகாது. இதே பதிலை மூன்றாவது முறையாக எழுதுகிறேன், மேலே போய்ப் படியுங்கள். பட்டியலை வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஒரு முறை ஒரு பெண் அம்மாவோடு உதவி மையத்துக்கு வந்தாள். கையில் சுருட்டிய அச்சுத் தாள். நான் பிரித்து முதல் பெயரைப் படித்தேன். "அது எங்கே இருக்கிறது மேடம்?" என்று என்னையே கேட்டாள். அவள் கேள்விப்பட்டே இராத ஒரு கல்லூரி. அவள் எழுதிக் கொடுத்தவை பன்னிரண்டாவது வரிசையில் தொடங்கின. பதிவு செய்த கைப்பேசி எண்ணும் அவளுடையது இல்லை, ஓடிபி கடைக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, பட்டியலை இன்னும் இறுதி செய்து பூட்டவில்லை. அம்மா கடைக்குப் போன் போட்டு ஓடிபி வாங்கினார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவளே மாற்றினாள். கடைசியாகப் பூட்டும்போது விரல் நடுங்கியது.

உங்கள் எண், உங்கள் கடவுச்சொல், உங்கள் கை தம்பி.

மதுரை மாணவி: இடம் கிடைத்த பிறகும் மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாமா?

காத்திருக்கலாம். ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்று ஒரு வாய்ப்பு இருக்கும். ஒன்றை மறக்காதே, மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் கிடைத்ததைவிட உண்மையில் அதிகம் பிடித்தவை மட்டும்தான் அதற்கு மேலே இருக்க வேண்டும்.