தையலுக்குப் பதில் ஒட்டுப் பட்டை: நெற்றிக் காயத்துக்குப் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நேற்று மாலை கோயில் படிக்கட்டில் ஓடி விழுந்ததில், நெற்றியில் புருவத்துக்கு மேலே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுக்காக வெட்டுக்காயம் ஏற்பட்டது. கிளினிக்கில் காயத்தைக் கழுவிய டாக்டர், தையல் போடாமல் மெல்லிய வெள்ளைப் பட்டைகளை ஒட்டி அனுப்பிவிட்டார். காயம் பிளந்துவிடும், முகத்தில் தழும்பு நின்றுவிடும், வேறு டாக்டரிடம் காட்டித் தையல் போடு என்று என் மாமியார் வற்புறுத்துகிறார். இன்னும் மூன்று நாளில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வருகிறது. பையனைத் தண்ணீரில் விடலாமா? நெற்றியில் தனக்கா மரப்பட்டை விழுது பூசலாமா? இன்னொன்று: மரப்பட்டறையில் வேலை செய்யும் என் கணவருக்கு முந்தாநாள் உளி பட்டு, இடக்கை ஆள்காட்டி விரலின் முட்டிமேல் தோல் கிழிந்திருக்கிறது. இதே பட்டையை மருந்துக் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார். சரிதானா? – ஒரு வாசகி, மோல்மீன், மியான்மர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தின் அவசரம் கருதி உங்களுக்கு உடனே எழுதி அனுப்பியதையே, மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரித்து இங்கே தருகிறேன். உங்கள் மகனுக்குச் செய்யப்பட்டது சரியான சிகிச்சை. மறுபடி தையல் போடத் தேவையில்லை. உங்கள் கணவரின் விரலுக்கு அதே பட்டை ஆகாது. அவர் இன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

முதலில் பையனின் காயத்தைப் பார்ப்போம். தையலானாலும் பட்டையானாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான்: பிளந்த தோலின் இரு விளிம்புகளையும் அருகருகே அசையாமல் பிடித்து வைப்பது. அவற்றை இணைத்து ஆற்றுவது உடம்பே. ஆகவே ஒரு காயத்துக்கு எது தேவை என்பதை அந்த இடத்தில் தோல் எவ்வளவு இழுபடுகிறது, காயம் எவ்வளவு ஆழம், அந்த இடம் உலர்ந்திருக்குமா என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். நெற்றியில் தோலுக்குக் கீழே தட்டையான எலும்பு இருக்கிறது, இரத்த ஓட்டம் மிகுதி, முடியும் இல்லை. நீங்கள் எழுதியுள்ளபடி காயம் குறுக்கே, அதாவது நெற்றிச் சுருக்கங்கள் விழும் திசையிலேயே இருக்கிறது. அந்தத் திசையில் அமைந்த காயத்தின் விளிம்புகள் தாமாகவே சேர்ந்து நிற்க முயலும். இரத்தம் நின்ற, ஆழமில்லாத, விளிம்புகள் நேராக உள்ள சிறு காயத்துக்குப் பட்டையே போதும். குழந்தைகளின் முகக் காயங்களில் பட்டையையும், காயத்தின் விளிம்புகளை ஒட்டும் மருத்துவத் தோல் பசையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பின்னர் நின்ற தழும்பின் தோற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

உங்கள் மாமியாரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. அவர் காலத்தில் முகத்தில் காயம் என்றால் தையல்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தையல் என்றால், விளிம்பெங்கும் மரத்துப்போகும் ஊசி, கைகாலைப் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று பேர், ஐந்தாம் நாள் வாக்கில் தையல் பிரிக்க மறுபடி ஒரு அழுகை என்று எல்லாம் சேர்ந்தே வரும். இழுபறி இல்லாத காயத்தில் இவ்வளவுக்கும் கிடைக்கும் கூடுதல் பலன் ஏதுமில்லை. தையலை இறுக்கிப் போட்டாலோ நாள் கடந்து பிரித்தாலோ, வெட்டின் கோட்டுக்கு இரு பக்கமும் தையல் புள்ளிகளும் தழும்பாக நின்றுவிடும். செலவை மிச்சம் பிடிக்க டாக்டர் பட்டையை ஒட்டிவிட்டார் என்று அவர் எண்ணினால், இதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துங்கள்.

ஒட்டியது சரியாக இருக்கிறதா என்பதை நீங்களே நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம். பட்டைகள் காயத்துக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று மூன்று மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு இருக்கவேண்டும். அந்த இடைவெளி காயத்தில் ஊறும் நீர் வெளியேறுவதற்காக விடப்படுவது, கவனக்குறைவு அல்ல. இடைவெளிகளின் வழியே பார்த்தால் காயம் ஒரு மெல்லிய சிவப்புக் கோடாகத் தெரியவேண்டும். ஒரு விளிம்பு இன்னொன்றின்மேல் ஏறியிருந்தாலோ, நடுவே பிளவு தெரிந்தாலோ, ஒட்டிய டாக்டரிடமே திரும்பக் காட்டுங்கள். பட்டையின் நுனியில் சிறு நீர்க்கொப்புளம் எழுந்தால், பட்டையை இழுத்து நீட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்; அதற்கும் மாற்றி ஒட்டச் சொல்லவேண்டும். காயத்தை டாக்டர் முதலில் கழுவினார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ஒட்டியதைவிட முக்கியமான சிகிச்சை அதுதான். படிக்கட்டு மணல் உள்ளே தங்கிவிட்டால், பச்சை குத்தியதுபோல் நீலக் கறை நிலையாக நின்றுவிடும், சீழ் பிடிக்கவும் இடமுண்டு.

பட்டைக்குப் பகை ஈரமும் எண்ணெயும். நம் சித்திரை வெயிலில் ஓடியாடும் பிள்ளையின் நெற்றியில் வடியும் வியர்வையே பட்டையைக் கிளப்பிவிடும் என்பதால், சில மருத்துவர்கள் ஒட்டுமுன் காயத்தின் இரு பக்கத் தோலிலும் சாம்பிராணிப் பிசினைச் சாராயத்தில் கரைத்த டிங்சரைத் தடவிக் காயவிடுவார்கள். அது பிடிப்பை அதிகமாக்கும். காயத்துக்குள் அது பட்டால் எரியும், ஆறுவதும் கெடும் என்பதால் அதை வீட்டில் முயலவேண்டாம். முதல் இரண்டு நாள் நெற்றியில் தண்ணீரே படக்கூடாது. கழுத்துக்குக் கீழே குளிப்பாட்டி, முகத்தை ஈரத்துணியால் காயத்தை விட்டுத் துடையுங்கள். அதன்பிறகு சிறிது தண்ணீர் பட்டால் பயப்படவேண்டாம், தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி உடனே உலர்த்திவிடுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். தாய்மார்கள் காயத்தை அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டு, உச்சியில் வைத்த தேங்காய் எண்ணெய் வியர்வையோடு இறங்கிப் பட்டையின் மேல் நுனியைக் கிளப்புவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இதே காரணத்தால் ஆன்டிபயாடிக் களிம்பும் பூசவேண்டாம். களிம்பின் பிசுபிசுப்பில் பட்டையின் பசை விட்டுவிடும்.

தனக்காவும் மஞ்சளும் இப்போது நெற்றியில் வேண்டாம். தனக்கா கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்த மரப்பட்டை விழுது கிருமி நீக்கியது அல்ல, அதன் ஈரம் பட்டையையும் தளர்த்தும், காய்ந்து அடையாகிவிட்டால் காயம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. கன்னத்தில் பூசிக்கொள்ளட்டும். பொருக்கெல்லாம் உதிர்ந்து, தோல் முழுதும் மூடிய பிறகு நெற்றிக்கும் பூசலாம்; அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

திஞ்சான் தொடங்கும்போது பையனின் காயத்துக்கு நான்கு நாள்தான் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில் மேல்தோல் மூடியிருந்தாலும் அடியில் வலு இருக்காது. மூன்று வாரத்தில்தான் காயம் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதத்தை எட்டும். மூன்று மாதமானாலும் 80 சதவீத அளவோடு நின்றுவிடும். தெருவோரத் தண்ணீர் மண்டபங்களில் குழாயிலிருந்து பீய்ச்சும் நீர் முகத்தில் அறையும் வேகத்துக்கு ஈரமான பட்டை நிற்காது. அந்த நீர் குளத்திலிருந்து வருகிறதா, ஆற்றிலிருந்து வருகிறதா என்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே இந்த ஆண்டு மண்டபமும் லாரி ஊர்வலமும் வேண்டாம். பிள்ளை ஏங்கிப்போகும் என்றால், கிண்ணத்து நீரில் இலைக்கொத்தைத் தோய்த்துத் தோளில் தெளிக்கும் பழைய முறையில் வாசலில் விளையாடட்டும். தலைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டித் தெருவுக்கு அனுப்பும் யோசனை வேண்டாம். உள்ளே வியர்த்து அதே கதைதான் ஆகும்.

பட்டைகள் ஏழு முதல் பத்து நாளுக்குள் தாமாகவே உதிரத் தொடங்கும். கிளம்பிய நுனியைச் சிறு கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிய்க்கக்கூடாது. இரண்டு வாரமாகியும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, இரு நுனிகளிலிருந்தும் காயத்தை நோக்கி மெல்ல உரித்து எடுக்கவேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் சேர்ந்த விளிம்பு பிரியக்கூடும். ஐந்து நாளுக்கு முன்பே எல்லாம் உதிர்ந்து காயம் வாய் திறந்தால் கிளினிக்குக்குப் போங்கள். தழும்பு முதலில் சிவந்து, பின்பு கறுத்து, ஓராண்டு வரை மாறிக்கொண்டே இருக்கும். அதுவரை வெயிலில் தொப்பி போட்டு அனுப்பினால் கறுப்பு குறையும்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் டாக்டரைப் பார்க்கவேண்டும். தலை அடிபட்டிருப்பதால், முதல் இரண்டு நாளில் மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, தடுமாற்றம் ஏதேனும் தெரிந்தால் கிளினிக்கில் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் கணவரின் விரல். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். விரல் முட்டி ஒவ்வொரு முறை மடங்கும்போதும் அங்கே தோல் இழுபடுகிறது, பட்டறையில் வியர்வையும் மரத்தூளும் ஓயாது. அங்கே ஒட்டிய பட்டை ஒரு பொழுதுகூட நிற்காது. நிற்கவில்லை என்று விரலைச் சுற்றி வளையம்போல் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. விரல் வீங்கும்போது அது கயிறு கட்டியதாகி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பட்டறைகளில் பழக்கத்தில் இருக்கும் சூப்பர் குளூவும் இதற்கு ஆகாது. மருத்துவத்தில் பயன்படும் தோல் பசை அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், கடைப்பசை இறுகும்போது சூடேறித் திசுவை எரிக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம், காயம் பட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது என்பதே. முகத்தில் ஒரு நாள் வரைகூடக் காயத்தை மூடலாம். கையில், அதுவும் பட்டறையில் பட்ட காயத்துக்கு, அந்த அவகாசம் சில மணி நேரம்தான். அதன்பின் மூடுவது கிருமிகளை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். இப்படிப்பட்ட காயத்தை நன்றாகக் கழுவி, திறந்தே கட்டுப்போட்டு வைத்து, சுத்தமாக இருந்தால் சில நாள் கழித்து மூடுவதோ, தானாக ஆறவிடுவதோதான் முறை. மேலும், முட்டிக்கு மேல் விரலை நிமிர்த்தும் தசைநாண் தோலுக்கு அடியிலேயே மெல்லிய நாடாவாக ஓடுகிறது, அதற்கும் அடியில் மூட்டு. உளியின் கூர் அதில் பாதியை வெட்டியிருந்தாலும் விரல் நிமிரும், சில நாள் கழித்து ஒரு சின்ன இழுப்பில் மீதியும் அறுந்துபோகும். ஆகவே விரல் அசைகிறதே என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். மருத்துவர் விரலை எதிர்த்து அழுத்தி, நிமிர்த்தச் சொல்லிச் சோதிக்கவேண்டும். நிமிர்த்த முடியாமை, விண்விண் என்ற வலி, முட்டி முழுதும் வீக்கம் இருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. போகும்வரை காயத்தைக் குழாய் நீரில் கழுவி, சுத்தமான காஸ் துணியைத் தளர்வாகச் சுற்றி, கையை உயர்த்தி வைத்திருக்கட்டும். அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று கேளுங்கள். இத்தகைய அழுக்குக் காயத்துக்கு, போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மறுபடி ஒன்று போடவேண்டும். நினைவே இல்லை என்றால் அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லட்டும், கூடுதலாக இன்னோர் ஊசியும் தேவைப்படலாம். போகும்போது பையனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் சென்று காட்டிவிடுங்கள். திஞ்சான் நாட்களில் சிறு கிளினிக்குகள் பலவும் மூடியிருக்கும். கட்டு மாற்ற எங்கே வருவது என்பதையும் இன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.