ஜன்னல் வியர்க்கும் வீட்டில் முதல் குளிர்காலம்

கோயம்புத்தூரிலிருந்து அக்டோபரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, பழைய கட்டடத்தில் இரண்டு அறை வீடு. காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர். வீட்டுக்காரர் தினமும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார். வெளியே 2 டிகிரி. காசு கொடுத்துச் சூடாக்கியதை எதற்கு வெளியே விட வேண்டும்? ஹீட்டரை 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகுமா? மனைவிக்குத் தோல் வெடிக்கிறது என்று ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஜனவரியில் எட்டு மாதக் குழந்தையோடு மாமியாரும் வருகிறார். மின் விசிறி ஹீட்டர் ஒன்றும் வாங்கிவிடவா?"

தம்பி, முதல் வேலையாக அந்த ஹியூமிடிஃபையரை அணைத்து வையுங்கள். கண்ணாடியில் தண்ணீர் நிற்கிற வீட்டுக்குள் இன்னும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ நல்ல க்ரீமோ போதும். அப்புறம் காற்றின் ஈரப்பதத்தை அளக்கிற ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள், பத்துப் பதினைந்து யூரோதான். ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. உங்கள் வீட்டில் காலையில் 70-ஐத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் கேட்டதையேதான் நானும் நினைத்தேன். சூடு போய்விடக் கூடாது என்று ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்து வைத்தேன். துவைத்த துணியெல்லாம் ஹீட்டர் பக்கத்தில் ஸ்டாண்டில் காயும். காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி ரசம். பொங்கலுக்குப் பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்தால், நனைந்த மண்பானையில் வருகிற மாதிரி ஒரு வாடை. புடவையின் மடிப்பு ஓரத்தில் சாம்பல் பூசியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. நானும் அவருமாக அலமாரியை இழுத்துப் பார்த்தோம். வடக்குப் பார்த்த வெளிச்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கருப்புப் புள்ளிகள், மிளகைக் கொட்டி வைத்தது போல. தொட்டால் சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. அது பூஞ்சை, இங்கே ஷிம்மல் என்பார்கள். ஜெர்மன் மொழியில் சீக்கிரமே கற்றுக்கொள்ள வேண்டிய சொல் அது. அது என் கல்யாணப் புடவை. சலவைக்குக் கொடுத்தும் கறை முழுவதும் போகவில்லை.

இதன் கணக்கு எளிது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. நம் மூச்சு, குளியல், சமையல், காயும் துணி எல்லாவற்றிலிருந்தும் வருகிற ஈரத்தைச் சூடான காற்று வாங்கி வைத்துக்கொள்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் தாங்க முடியாமல் இறக்கி வைத்துவிடுகிறது. கண்ணாடியில் இறக்குவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அலமாரிக்குப் பின்னால் இறக்குவதுதான் தெரியாது. சுவரில் தண்ணீராகச் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றிருக்கும்போதே, சுவரின் ஒரு மூலை 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அங்கே பூஞ்சை வளரப் போதுமான ஈரம் சேர்ந்துவிடும்.

இதே கணக்குதான் ஜன்னலைத் திறக்கவும் சொல்கிறது. வெளியே மூடுபனியாக இருக்கட்டும், தூறட்டும், 2 டிகிரிக் காற்றில் இருக்கிற மொத்த ஈரம் கொஞ்சம்தான். அது உள்ளே வந்து சூடாகும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. காய்ந்த பஞ்சு மாதிரி வீட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது அந்த ஈரத்தோடு வெளியே போய்விடும்.

காசு போகிறதே என்கிறீர்கள். போட்டுப் பார்ப்போம். 15 சதுர மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருக்கிற காற்றின் எடை சுமார் 45 கிலோ. அதை முழுவதும் மாற்றி 2-லிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவரக் கால் யூனிட்கூடத் தேவையில்லை. எரிவாயு விலையில் சில செண்ட்தான். சூடெல்லாம் காற்றில் இல்லை தம்பி, சுவரிலும் தரையிலும் கட்டில் மேசையிலும்தான் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் அவை ஆறிவிடாது. ஜன்னலை மேல்பக்கம் சாய்த்து நாள் முழுக்க அப்படியே விடுகிறார்களே, அதில்தான் காசு போகிறது. காற்றும் சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே திறந்தால் முழுசாகத் திறங்கள். ஷ்டோஸ்லூஃப்டன் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது இதைத்தான். எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால் இரண்டையும் திறந்துவிடுங்கள், இந்தக் குளிரில் ஐந்து நிமிஷம் போதும். எழுந்ததும் படுக்கையறையில் ஒருமுறை, சமைத்து முடித்ததும் ஒருமுறை, தூங்கும் முன் ஒருமுறை. குழந்தை வந்தபிறகு நடுவில் இன்னொரு முறை. திறக்கும் முன் ஹீட்டர் திருகை நட்சத்திரக் குறிக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் குளிர்க்காற்று பட்டதும் வீடு ஆறிவிட்டது என்று அது முழுசாகத் திறந்துகொள்ளும். மூடியதும் பழையபடி வைத்துவிடுங்கள்.

அந்தத் திருகில் இருக்கிற எண்களைப் பலரும் கேஸ் அடுப்புத் திருகு மாதிரி நினைக்கிறார்கள். அவை வேகம் இல்லை, அறை எத்தனை டிகிரிக்கு வர வேண்டும் என்கிற குறி. சுமாராக 2 என்றால் 16, 3 என்றால் 20, 4 என்றால் 24, 5 என்றால் 28 டிகிரி. ஆறிப்போன அறையில் 3-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் 20-க்கு வரும். 5-ல் வைத்தது அங்கே நிற்காமல் மேலே போகும், அவ்வளவுதான். அறை வெப்பத்தை ஒரு டிகிரி குறைத்தால் சூடாக்கும் செலவில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று இங்கே கணக்குச் சொல்வார்கள். அந்தத் திருகைத் திரைச்சீலையோ சோஃபாவோ மறைத்திருந்தால் அது அறையைப் பார்க்காமல் தன் மூலையை மட்டுமே அளக்கும். அதையும் சரிபாருங்கள்.

இன்னொன்று. படுக்கையறை ஹீட்டரை மூடிவிட்டு, கதவைத் திறந்து வைத்து ஹாலின் சூட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஹாலின் ஈரக் காற்றெல்லாம் அந்தக் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடும். என் புடவைக்கு நடந்தது அதுதான். படுக்கையறையை 17, 18 டிகிரியில் வைத்துக் கதவைச் சாத்தி வையுங்கள். அலமாரியை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள், முடியாவிட்டால் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

நம் சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வாடகை வீடுகளில் அடுப்புக்கு மேல் இருக்கிற புகைபோக்கி பெரும்பாலும் காற்றை வெளியே தள்ளாது. கரி வடிகட்டி வழியாக இழுத்துத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம் வாடையும் அதில் நிற்கும், இட்லிப் பானை ஆவி நிற்காது. குழாய் சுவர் வழியாக வெளியே போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மிளகாய் தாளித்து இருமல் வருகிறதென்றால் அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் சேர்ந்தே இருக்கிறது, குழந்தை இருக்கிற வீட்டில் இதில் அலட்சியம் வேண்டாம். சாம்பிராணி போட்டாலும் அப்படித்தான், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள். கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் ஒருநாளும் மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கூரையில் இருக்கிற புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது.

துணியை அடித்தளத்தில் பொதுவான உலர்த்தும் அறை இருந்தால் அங்கே காயப்போடுங்கள். மிஷின் நிறையத் துவைத்த துணி காயும்போது ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. வீட்டில்தான் காயப்போட வேண்டுமென்றால் ஒரே அறையில், கதவைச் சாத்தி, அடிக்கடி ஜன்னலைத் திறந்து. குளித்ததும் டைல்ஸில் நிற்கிற தண்ணீரை ரப்பர் துடைப்பானால் வழித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விசிறி ஹீட்டர் வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 300 யூனிட். யூனிட் 35 செண்ட் என்று வைத்தாலும் 105 யூரோ. அதே சூட்டை, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற திருகு வைத்த ஹீட்டர், அதாவது ரேடியேட்டர், மூன்றில் ஒரு பங்குச் செலவில் தரும். ரேடியேட்டரின் மேல்பாதி ஆறியிருந்து, உள்ளே களகளவென்று சத்தம் வந்தால் காற்று அடைத்திருக்கிறது. கட்டடப் பராமரிப்பாளரிடம் சொன்னால் சின்னச் சாவி ஒன்றால் காற்றை எடுத்துவிடுவார். எல்லாம் சரியாக இருந்தும் பகலில் 20 டிகிரி வரவில்லையென்றால் அது வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டிய குறை, தயங்காமல் எழுத்தில் கேளுங்கள்.

குழந்தையைப் பற்றிப் பயப்படாதீர்கள். தூங்கும் அறை 16-லிருந்து 18 டிகிரி போதும் என்றுதான் இங்கே மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் சொல்கிறார்கள். கம்பளிக்குப் பதில் குழந்தைக்கான தூக்கப் பை வாங்குங்கள், வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருந்தால் சரி, வியர்த்தால் உடுப்பு அதிகம். உங்கள் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார், என் அம்மாவும் ஒத்துக்கொள்ளவில்லை. கை சில்லென்று இருக்கிறதே என்பார்கள். பிடரியைத் தொட்டுக் காட்டுங்கள். அவருக்கு நல்ல கம்பளிக் காலுறையும், ரப்பர் அடி வைத்த வீட்டுச் செருப்பும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வயதானவர்களுக்குக் குளிர் முதலில் காலில்தான் ஏறும், அவர் இருக்கும் அறை 21, 22 இருந்தால் தப்பில்லை.

கோடைக்கு ஒரு வரி: ஏசி தேடாதீர்கள். ரோல்லாடன் என்கிற வெளிப்பலகைத் திரையை வெயில் ஏறும் முன்பே இறக்கிவிட்டு ஜன்னலைச் சாத்துங்கள், இரவில் முழுசாகத் திறந்து விடுங்கள். ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி மலைக்கு நடுவில் இருக்கிற ஊர், ஜூலையில் உங்களுக்கே புரியும்.

அடுத்து பில். நீங்கள் மாதாமாதம் கட்டுவது முன்பணம்தான், வருஷக் கணக்கு பிறகு வரும். எனக்கு முதல் வருஷம் 600 யூரோவுக்கு மேல் நாக்ட்சாலுங், அதாவது முன்பணத்துக்கு மேல் கட்ட வேண்டிய பாக்கி, வந்தது, அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய தொகை. பொதுக் கொதிகலன் இருக்கிற கட்டடத்தில் செலவில் 50-லிருந்து 70 சதவீதம்வரை அவரவர் பயன்பாட்டின்படியும், மிச்சம் வீட்டின் பரப்பளவின்படியும் பிரிப்பார்கள். அதனால் டிசம்பரில் ஊருக்குப் போனாலும் ஒரு பங்கு வரும். போகும்போது ஹீட்டரை முழுசாக மூடாமல் 1-ல் விட்டுப் போங்கள். 2023-லிருந்து எரிபொருளுக்கான கரியமில வாயுக் (CO2) கட்டணத்தில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு, கட்டடம் சூட்டைக் காப்பதில் எவ்வளவு மோசமோ அவர் பங்கு அவ்வளவு அதிகம். எரிவாயு இணைப்பு உங்கள் பெயரிலேயே இருந்தால் அந்தப் பங்கை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என் விஷயத்தில் அன்றைய வீட்டுக்காரர், நீங்கள் ஜன்னலைத் திறக்காததால்தான் பூஞ்சை என்று வைப்புத்தொகையில் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். பாதி என் தப்புதான். மீதி அந்தச் சுவரில் இருந்த விரிசல். மீட்டர்ஃபெராயின் என்கிற வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்து கடிதம் போட்ட பிறகுதான் பணம் திரும்பி வந்தது. சங்கச் சந்தா அதற்கே தகும். வீட்டின் ஆற்றல் செலவு பற்றி ஆலோசனை வேண்டுமென்றால் ஃபெர்பிரௌஹர்சென்ட்ராலே என்கிற நுகர்வோர் மையத்திலும் கேட்கலாம்.

இன்று இரவு அலமாரியை இழுத்துப் பின்சுவரைப் பாருங்கள். புள்ளி எதுவும் இருந்தால் முதலில் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதன்பிறகு துடைக்கலாம். ஹைக்ரோமீட்டர் வாங்கியதும் காலை எழுந்தவுடன் ஒருமுறை, ஜன்னல் மூடி அரைமணி கழித்து ஒருமுறை எண்ணைக் குறித்து எனக்குச் சொல்லுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து திறந்தும் 60-க்குக் கீழே இறங்கவில்லையென்றால் சுவரிலோ குழாயிலோ வேறு கசிவு இருக்கலாம், அப்போது வீட்டுக்காரருக்கு என்ன எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.