பண்டிகை விருந்துக்குச் சாசேஜ் ஸ்டஃபிங்: கர்ப்பிணி மகளும் சாப்பிடலாமா?

கேள்வி: பண்டிகை விருந்துக்கு ஆண்டுதோறும் முழு வான்கோழியை ஓவனில் வாட்டி, அதன் வயிற்றுக்குள் பிரெட்டும் சாசேஜும் வாசனை இலைகளும் கலந்த ஸ்டஃபிங்கை வைப்பேன். இதுவரை சாசேஜைக் கடையில் வாங்கினேன். இந்த முறை பன்றிக் கொத்துக்கறியில் வீட்டிலேயே செய்ய ஆசை. முந்தின இரவே எல்லாவற்றையும் கலந்து, பறவைக்குள் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் வேலை மிச்சமாகும் என்று நினைக்கிறேன். ஒரு தயக்கம். சென்ற ஆண்டு மதிய விருந்து சாப்பிட்டவர்களில் நான்கு பேருக்கு அன்று நள்ளிரவில் வயிறு முறுக்கி வலித்துப் பேதி ஆனது. காய்ச்சலோ வாந்தியோ இல்லை. மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது. "பன்றிக்கறி ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் என் மாமியார். அவருக்கு வயது 74. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, இதயத்துக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் எடுக்கிறார். என் மகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. சேஜ் இலை கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று ஒரு தோழி பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: சென்ற ஆண்டு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பன்றிக்கறி ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நான்கு பேருக்கு ஒரே இரவில் ஒத்துக்கொள்ளாமல் போகாது. மலப் பரிசோதனை எதுவும் செய்யாத நிலையில் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வந்து, காய்ச்சலும் வாந்தியும் இல்லாமல், ஒரே நாளில் அடங்கிவிட்டது என்றால் என் சந்தேகம் முதலில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் மீது விழும். அது 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சாக இருந்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுத்திருப்பார்கள். சால்மொனெல்லாவாக இருந்திருந்தால் காய்ச்சலும் சேர்ந்து, பேதி பல நாள் நீடித்திருக்கும்.

பெர்ஃப்ரிஞ்சென்ஸ் பாக்டீரியாவிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. சமைக்கும்போது அது செத்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. சமைத்த இறைச்சியும் சாறும் மெதுவாக ஆறும்போது அந்த வித்துகள் முளைக்கின்றன. 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பு அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. அந்தச் சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, இரண்டு மணி நேரத்தில் நான்காயிரத்தைத் தாண்டிவிடும். பெரிய பாத்திரம் நிறைய உள்ள ஸ்டஃபிங்கின் நடுப்பகுதி அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் நிற்கும். மேலே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே கதகதப்பாகவே இருக்கும்.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். சென்ற ஆண்டு ஸ்டஃபிங்கையோ இறைச்சிச் சாற்றையோ முந்தின நாள் காய்ச்சி அடுப்பு மேடையிலேயே ஆறவிட்டீர்களா? மதியம் பரிமாறியது மாலை வரை மேசையில் இருந்து, வருவோர் போவோர் எல்லாம் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருந்தார்களா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆம்' என்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா என்ற கேள்வி இதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். முந்தின இரவே பறவைக்குள் அடைத்து வைப்பது மட்டும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பச்சை இறைச்சியின் சாறு இரவு முழுவதும் பிரெட்டுக்குள் ஊறும்; நடுவில் உள்ள கலவை குளிர நேரமாகும்; மறுநாள் ஓவனிலும் அந்த நடுப்பகுதிதான் கடைசியாகச் சூடேறும். பாக்டீரியாவுக்கு இரண்டு பக்கமும் அவகாசம் கொடுக்கிறீர்கள். பறவையின் உள்கூட்டில் பனி முழுவதும் கரையாமல் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டஃபிங்கின் மையம் 74 டிகிரியைத் தொட வேண்டும். அது வரும்வரை காத்திருந்தால் வான்கோழியின் நெஞ்சுக்கறி நார் நாராக வறண்டுபோகும். சமைப்பவர் நெஞ்சுக்கறியைக் காப்பாற்றுவதற்காகச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுவார். சில வான்கோழிகளோடு வரும், வெந்ததும் மேலே எழும்பும் பிளாஸ்டிக் குமிழ் நெஞ்சுக்கறியின் சூட்டை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் பிரெட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

என் யோசனை, ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில் வேகவையுங்கள் என்பதுதான். உள்ளே வெந்தால்தான் ருசி என்று வாதிடுவோர் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. பறவை முழுதாக வெந்த பிறகு தட்டில் இறங்கியிருக்கும் சாற்றில் நாலைந்து கரண்டி எடுத்து ஸ்டஃபிங்கின் மேல் ஊற்றி மறுபடி பத்து நிமிடம் ஓவனில் வைத்தால் அந்த ருசியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மேலே மொறுமொறுப்பும் வரும். பறவைக்குள் அது வரவே வராது.

முந்தின இரவு செய்யக்கூடிய வேலையும் நிறைய இருக்கிறது. பிரெட்டைத் துண்டுகளாக்கி ஓவனில் உலர்த்தி வெளியிலேயே வைக்கலாம். சாசேஜ் கறியை முழுமையாக வதக்கி, வெங்காயம் செலரியை வதக்கி, இரண்டையும் அகலமான தட்டையான பாத்திரங்களில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் காலையில் பிரெட்டோடு சூடான சாறு, முட்டை, இலைகள் எல்லாம் சேர்த்துக் கலந்து உடனே ஓவனுக்குள் தள்ளுங்கள். 175 டிகிரியில் மூடி அரை மணி நேரம், திறந்து கால் மணி நேரம் என்பது உத்தேசக் கணக்கு. முடிவு சொல்ல வேண்டியது கடிகாரம் அல்ல, உணவு வெப்பமானி. தட்டின் நட்டநடுவில், அடியைத் தொடாமல் குத்திப் பாருங்கள். 74 வந்தால் போதும். எத்தனையோ சமையல் கருவிகளை வாங்கி அலமாரியில் தூங்கவிடுகிறோம். இந்த ஒன்றை வாங்கி உண்மையாகவே பயன்படுத்துங்கள்.

அப்படியும் பறவைக்குள்தான் வைப்பேன் என்றால், ஓவனில் ஏற்றுவதற்குச் சற்று முன்பு, வெந்த சாசேஜைக் கொண்டு, ஈரமான கலவையாக, தளர்வாக நிரப்புங்கள். காய்ந்த கலவையைவிட ஈரமானதில் கிருமிகள் சீக்கிரம் சாகும். பறவையை வெளியே எடுத்து இருபது நிமிடம் ஆறவிட்டபின் உள்ளே இருப்பதை முழுவதும் வழித்தெடுத்துவிட வேண்டும்.

வீட்டுச் சாசேஜைப் பற்றி: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கொத்துக்கறியின் குணம் வேறு என்பதை மனத்தில் வையுங்கள். முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அதை உள்ளே முழுவதும் கலந்துவிடுகிறோம். எனவே பன்றிக் கொத்துக்கறி உள்ளுக்குள் 71 டிகிரி வர வேண்டும், கோழி அல்லது வான்கோழிக் கொத்துக்கறி என்றால் 74. நிறத்தை நம்பாதீர்கள். நன்றாக வெந்த கறி இளஞ்சிவப்பாகத் தெரிவதும் உண்டு, வேகாதது பழுப்பாக ஏமாற்றுவதும் உண்டு. மசாலா சரியா என்று பார்க்கப் பச்சைக் கறியை நுனிநாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் சமையலில் கைதேர்ந்தவர்களிடம்கூட இருக்கிறது. ஒரு சிறு வடை அளவு தட்டி, தோசைக்கல்லில் வேகவைத்து ருசி பாருங்கள். பச்சைக் கொத்துக்கறியை ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஓரிரு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். வான்கோழியைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம். தெறிக்கும் நீர்தான் கிருமியைச் சமையலறை முழுவதும் பரப்புகிறது.

சில செய்முறைகளில் நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்புப் பதப்படுத்தும் உப்பைச் சேர்க்கச் சொல்வார்கள். அன்றோ மறுநாளோ வேகவைக்கப்போகும் புதிய சாசேஜுக்கு அது தேவையே இல்லை. சாதாரண உப்பென்று நினைத்துக் கரண்டி கரண்டியாகப் போட்டுவிட்டால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது கெடுத்துவிடும்.

பன்றிக்கறி என்றதும் மூளையில் புழு வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு, உங்கள் மாமியார் மனத்திலும் அது இருக்கலாம். வேகாத பன்றிக்கறியில் உள்ள நாடாப்புழுக் கட்டிகள் குடலில் புழுவை உண்டாக்கும். நன்றாக வேகவைத்தால் அவை இறந்துவிடும். மூளையில் கட்டி வருவதோ அந்தப் புழுவின் முட்டைகள் உள்ளே போவதால். அவை புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து கழுவாத கை வழியாகவும், மாசுபட்ட நீர், பச்சைக் காய்கள் வழியாகவும் வருகின்றன. சைவம் மட்டுமே சாப்பிடுபவருக்கும் அது வரலாம்.

மகள் விஷயத்தில் சேஜ் இலைக்காகப் பயப்பட வேண்டியதில்லை. சேஜில் துஜோன் என்ற பொருள் இருப்பது உண்மை. அதனால்தான் சேஜ் எண்ணெய், மாத்திரை, நாள்தோறும் கோப்பை கோப்பையாகச் சேஜ் டீ ஆகியவற்றைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்கிறோம். ஒரு தட்டு ஸ்டஃபிங்கில் சேரும் ஓரிரு தேக்கரண்டி இலையை எட்டுப் பேர் பகிர்ந்து சாப்பிடும்போது அது பொருட்டே அல்ல. ரோஸ்மேரி, தைம் ஆகியவையும் அப்படியே. நான் கவலைப்படுவது வேறு இரண்டைப் பற்றி. பறவையின் ஈரலை நறுக்கி ஸ்டஃபிங்கில் சேர்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு அது நல்லதல்ல. இன்னொன்று லிஸ்டீரியா. ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும் கிருமி அது; தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். மகள் ஓவனிலிருந்து வந்த சூட்டில் வேண்டியதைச் சாப்பிடட்டும். மறுநாள் மீதியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிரக் குளிர ஒரு வாய் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது. ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும்.

மாமியாருக்கு முதல் எதிரி உப்பு. ஒரு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கிலோ கொத்துக்கறிக்கு 15 முதல் 18 கிராம் உப்பு என்பது வழக்கமான சாசேஜ் அளவு. பிரெட்டிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். கடையில் விற்கும் சூப் கட்டியில் பாதிக்குப் பாதி உப்புதான். உப்பு சேர்த்த வெண்ணெயும் கூடினால் ஒரு தட்டிலேயே நாளின் ஒதுக்கீட்டில் பெரும்பகுதி காலி. இங்கேதான் வீட்டில் செய்வது கைகொடுக்கிறது. உறையில் அடைக்கும் சாசேஜுக்குக் கறி ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்க உப்பு அவசியம். ஸ்டஃபிங்கில் நீங்கள் அதை உதிர்த்துத்தானே போடப்போகிறீர்கள்? கிலோவுக்கு 8 கிராம் போதும். மிளகு, சோம்பு, பூண்டு, சேஜ் ஆகியவற்றைச் சற்றுத் தாராளமாகப் போட்டு, சாற்றை எலும்பில் உப்பில்லாமல் காய்ச்சிக்கொண்டால் குறை தெரியாது. பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பை மட்டும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

சர்க்கரைக்கு, அரைக் கோப்பை ஸ்டஃபிங்கில் சுமார் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். அதைச் சாப்பிட்டால் அன்று உருளைக்கிழங்கு மசியலையோ கூடுதல் பிரெட்டையோ விட்டுவிடலாம். விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடக்க வேண்டாம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர் விருந்து தாமதமானால் மயங்கிவிழக்கூடும்.

வார்ஃபரின் எடுப்பவருக்குப் பார்ஸ்லி ஒரு சிக்கல். ஒரு மேசைக்கரண்டி நறுக்கிய பார்ஸ்லியில் சுமார் 60 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. அது மருந்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். மேலே தூவும் அளவுக்குத் தடையில்லை. ஒரு கட்டு முழுவதையும் அரைத்துக் கலக்கும் செய்முறை என்றால் அவருக்குத் தனியாக ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

விருந்து முடிந்தபின் பரிமாறிய இரண்டு மணி நேரத்துக்குள் மீதியை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். முழுதாக ஆறட்டும் என்று காத்திருப்பதுதான் சென்ற ஆண்டுக் கதையை மறுபடி எழுதும். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் எடுத்து, மறுபடி 74 டிகிரி வரை சூடாக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது பேதி வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மலத்தில் இரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மூன்று நாளுக்கு மேல் பேதி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. மகளுக்கு விருந்துக்குப் பிறகு, சில வாரங்கள் கழித்துக்கூட, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். மாமியாருக்குப் பேதி ஆனால் அன்றே மருத்துவரை அழைத்துச் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளில் எதை நிறுத்தி வைப்பது என்று கேளுங்கள். பேதி இரண்டு நாள் நீடித்தால், வார்ஃபரின் அளவு சரியா என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.