மூன்று புள்ளிக்காக உயர் நீதிமன்றம் ஏறலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். மகள் 2024இல் தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். முதலாண்டுத் தேர்வில் உடற்கூறியலும் உடலியங்கியலும் தேறிவிட்டாள். உயிர்வேதியியலில் மூன்று புள்ளி குறைந்து தோல்வி. 2019இல் சேர்ந்த எங்கள் தோட்டத்துப் பையனுக்கு இதே நிலையில் கருணைப் புள்ளி போட்டுத் தேற்றிவிட்டார்கள். சேர்த்துவிட்ட ஏஜெண்டும் "அங்கே யாரையும் ஃபெயிலாக்க மாட்டார்கள்" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். இப்போது கோர்ட்டுக்குப் போனால் கிடைக்கும் என்கிறார். முடியாவிட்டால் உள்ளே ஓர் ஆளைப் பிடிக்கலாம் என்றும் சொல்கிறார். என் இ.பி.எப். பணம் முழுக்க இதில்தான் போயிருக்கிறது. என்ன செய்ய?

பதில்: ஐயா, இதைப் படித்ததும் மகளுக்குப் போன் போட்டு, தவறிய பாடத்தை மீண்டும் எழுதும் துணைத்தேர்வுக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். வழக்கைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அந்தப் பையனுக்குக் கிடைத்தது உண்மையாகவே இருக்கும். பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிகளில், மற்றப் பாடங்களில் தேறி ஒரே ஒரு பாடத்தில் தவறியவருக்கு 5 புள்ளி வரை போட இடமிருந்தது. அதுவும் பல்கலைக்கழகம் விரும்பினால்தான். உங்கள் மகள் சேர்வதற்கு முந்தைய ஆண்டே அந்தக் கதவு மூடிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த இளநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள், தேர்ச்சிக்காகக் கருணைப் புள்ளி கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆகவே "அவனுக்குக் கொடுத்தீர்களே, எனக்கு ஏன் இல்லை" என்ற வாதம் எடுபடாது. இருவரும் வெவ்வேறு விதியின் கீழ் படித்தவர்கள். விதி தடுத்ததைக் கொடுக்கும்படி எந்த நீதிபதியும் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட மாட்டார்.

ஏஜெண்டு சொன்ன "கோர்ட்டில் கிடைக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2024 நீட் நுழைவுத் தேர்வில் 1,563 பேருக்குத் தேர்வறையில் நேரம் வீணானதற்காகக் கூடுதல் புள்ளி போட்டார்கள். செய்தியை அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். உச்ச நீதிமன்றத்தில் விவகாரம் வந்ததும் அந்தப் புள்ளிகளே ரத்தாயின. ஜூன் 23 அன்று மறுதேர்வு எழுதலாம், இல்லையென்றால் கூடுதல் புள்ளி கழித்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. அந்த வழக்கு உங்களுக்கு உதவாது, எதிர்த்தரப்புக்கு வேண்டுமானால் உதவும்.

அப்படியானால் மகளுக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது. கருணை கேட்கத்தான் உரிமை இல்லை, கணக்குக் கேட்க உண்டு. எழுதிய விடை எதுவும் திருத்தாமல் விடுபட்டிருக்கிறதா, பக்கத்துப் புள்ளிகள் முகப்புத் தாளுக்குச் சரியாக ஏறியிருக்கின்றனவா, கூட்டல் சரியா, செய்முறைப் புள்ளி பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். மூன்று புள்ளி என்பது ஒரு விடுபட்ட கேள்வியில் அடங்கிப்போகிற அளவு. மறுகூட்டலுக்கும் விடைத்தாள் நகலுக்கும் பல்கலைக்கழக விதியில் என்ன வழி, என்ன கெடு என்று பார்த்து, கெடுவுக்குள் எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்திய மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விடைத்தாளைக் கேட்டு வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. ஆனால் 2005ஆம் ஆண்டு அந்தச் சட்டம் உரிமையை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. சிவப்புப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் மகளுக்கு அந்த வழி இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த விதியைத்தான் பிடிக்க வேண்டும்.

மறுமதிப்பீடு, அதாவது இன்னொரு பேராசிரியர் புதிதாகத் திருத்துவது, வேறு சங்கதி. விதியில் இல்லாத மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1984இல் மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கிலேயே தீர்ந்த விஷயம். 2017இல் ரண்விஜய் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே போக்கில்தான் சென்றது: விதி மௌனமாக இருந்தால், பிழை பளிச்சென்று தெரிகிற அரிய வழக்குகளில் மட்டுமே தலையிடலாம். இந்த விடைக்கு நாலு புள்ளியா ஆறு புள்ளியா என்ற சண்டைக்குள் நீதிபதிகள் இறங்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், அது நல்லதுதான்.

கூட்டல் பிழை கண்ணெதிரே இருந்தும் பல்கலைக்கழகம் திருத்த மறுத்தால், அப்போது அதைச் செய்யும்படி உத்தரவு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வெளிநாட்டவர் என்பது தடையில்லை. அரசமைப்பின் 14ஆவது பிரிவு தரும் சமத்துவம் குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. ஆனால் மனுதாரர் மகள்தான், நீங்கள் அல்ல. 18 வயது கடந்தவர் விவகாரத்தில் அப்பா கையெழுத்துப் போட முடியாது. வழக்கு நடக்கும்போதே அடுத்த ஆண்டு வகுப்பில் உட்கார இடைக்கால உத்தரவு வாங்கித் தருவதாக யாராவது ஆசை காட்டலாம். அனுதாபத்தில் தரும் இத்தகைய உத்தரவுகள் யாருக்கும் நன்மை செய்வதில்லை என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

இதற்கெல்லாம் நாளாகும். துணைத்தேர்வும் அதன் முடிவும் முதன்மைத் தேர்வு முடிவு வந்த 3 முதல் 6 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறது அதே 2023 விதி, தேறியவர்கள் தங்கள் வகுப்போடு சேர்ந்துகொள்வதற்காக. வழக்கு பட்டியலுக்கு வரும் முன்பே மகள் இரண்டாமாண்டில் இருக்கலாம். வழக்கை நம்பிப் படிக்காமல் விட்டால் ஒரு வாய்ப்பு வீண். முதலாண்டுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள்தான், அதில் ஒன்று போய்விட்டது. மறுகூட்டலும் துணைத்தேர்வும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

"உள்ளே ஆளைப் பிடிப்பது" பற்றி: வேண்டாம். இந்தியாவில் கொடுப்பவரும் குற்றவாளி. மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் செய்தாலும் நமது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 66ஆவது பிரிவு அவரைத் துரத்தும். அகப்பட்டால் போவது மூன்று புள்ளி மட்டுமல்ல, மகளின் படிப்பே.

மலேசியாவிலேயே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அரசுப் பல்கலைக்கழகத்தின் முடிவை எதிர்த்து நீதிமுறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்பதானால் கெடு மூன்று மாதம். தனியார் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் ஒப்பந்த வழக்குதான், அவர்களது மாணவர் கையேட்டை முதலில் படியுங்கள்.

ஐயா, உங்கள் கையில் உண்மையிலேயே வலுவாக இருக்கக்கூடிய வழக்கு அந்த ஏஜெண்டு மீதுதான். "யாரையும் ஃபெயிலாக்க மாட்டார்கள்" என்பது, 2023க்குப் பிறகு இல்லாத ஒரு சலுகையைக் காட்டி 2024இல் பணம் வாங்கிய பேச்சாக இருந்தால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் தவறான உரைப்பு, அதாவது உண்மையல்லாததைச் சொல்லி ஒப்பந்தத்துக்கு இணங்க வைத்தது, என்று வாதிடலாம். கல்லூரிக் கட்டணம் திரும்பாது. ஏஜெண்டு வாங்கிய கமிஷனைக் கேட்டுப் பார்க்கலாம், ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு வரை நேரம் உண்டு. அவர் சொன்னதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவுகள், வங்கிப் பட்டியல், ரசீது, விளம்பரத் துண்டு எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.