கோட்டோவிய நோட்டு: கேள்வி பதில்

கே: பேனாவால் வரைந்து, மேலே வாட்டர்கலர் தீட்டுகிறேன். முதல் நாள் வரைந்து மறுநாள் தீட்டினாலும் மை கலைந்து படமே சாம்பல் பூத்துவிடுகிறது. தாள் சரியில்லையா?

ப: தாள் மேல் பழி போடாதீர்கள், குற்றவாளி மைதான். சாதாரண ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயம். ஒரு வாரம் உலரவிட்டாலும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். நிறமித் துகள் கலந்த மையோ உலர்ந்தபின் தாளின் நாரைப் பற்றிக்கொள்ளும். ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) வாங்கும்போது ‘பிக்மென்ட்’ (நிறமி), ‘வாட்டர்புரூஃப்’ என்ற இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முனை அளவு 0.1, 0.3, 0.5 என மூன்று போதும். பத்துப் பேனா செட்டெல்லாம் வேண்டாம். நீர் தாங்குகிறதே என்று அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பிவிடாதீர்கள். உள்ளேயே இறுகி வழியை அடைத்துவிடும். அது தொட்டு வரையும் நிப்புக்கு உரியது.

வாங்கியபின் ஒரு சோதனை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பேனாவாலும் மூன்று கோடு போடுங்கள். 1, 5, 15 நிமிடம் கழித்து ஒவ்வொரு கோட்டின் மேலும் ஈரத் தூரிகையால் ஓர் இழுப்பு. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வழவழப்பான தாளில் மை மேலேயே நிற்பதால் கூடுதல் நேரம் பிடிக்கும். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வெறும் கோட்டுக்குச் சரி, ஈரம் பட்டால் அலையலையாக நெளியும். இலேசான வண்ணத்துக்கு 150 முதல் 200 வரை வேண்டும்.

கே: விளையாட்டாக வரையத்தான் நோட்டு வாங்கினேன். ஆனால் ஒரு கோடு பிசகினாலும் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். இதுவரை ஆறு தாள் போயிற்று.

ப: தைத்த நோட்டு என்றால் இன்னும் ஆறு போகும்! தாளை மடித்துத் தைத்திருப்பதால், ஒரு பாதியைக் கிழித்தால் தையலுக்கு அந்தப் பக்கமுள்ள மறுபாதியும் பிடிமானம் இழந்து கழன்றுவரும்.

பிசகிய கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பத் தீற்றினால் அதுதான் கண்ணை உறுத்தும். சரியான கோட்டைப் பக்கத்தில் போட்டு, அதை மட்டும் 0.5 பேனாவால் தடிப்பாக்குங்கள். பழையது பின்னால் ஒதுங்கிவிடும். தொடக்கக் கோடுகளை 0.1 பேனாவால் போடச் சொல்வது இதற்காகத்தான்.

பயம் தெளிய, கறையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பங்கு மைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நாலைந்து சொட்டு விட்டு, நோட்டைச் சாய்த்து ஓடவிடுங்கள். முழுக்க உலரட்டும், ஈரத்தில் வரைந்தால் கோடு பிசிறும், பேனா முனையில் தாளின் நாரும் சிக்கும். பிறகு நோட்டை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். மூக்கோ முதுகோ தட்டுப்படும். முதலில் கண்ணை வையுங்கள். கறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதிலேயே முடிவாகிவிடும். காலுக்கும் வாலுக்கும் நாலைந்து கோடு தாராளம். கறையைச் சுற்றி முழுக்க எல்லை கட்டினால் வேடிக்கை செத்துவிடும்.

கே: பென்சிலை அழிக்கும்போது பேனாக் கோடும் மங்குகிறதே?

ப: ரப்பர் மேலே படிந்த மையையும் கொஞ்சம் எடுத்துவிடும். களிமண் போலப் பிசையக்கூடிய ரப்பரால் முதலில் பென்சிலை ஒற்றி இலேசாக்கிவிட்டு, அதன்பின் மை போடுங்கள். ஆனாலும் இந்த மாதிரி நோட்டுக்குப் பென்சில் எதற்கு?