சூப்பர்நோவாவைக் கண்டுபிடிப்பதை விட அதன் வகையைச் சொல்வது ஏன் கடினம்?

கேள்வி இதுதான்: "உலகில் எங்கோ ஒரு தொலைநோக்கி தினந்தோறும் புதிய சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடிப்பதாகப் படிக்கிறேன். அது எப்படி நடக்கிறது? கண்டவுடன் '1ஏ வகை', '2ஆம் வகை' என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? சென்னையில் இருக்கும் ஒருவர் இதில் ஏதாவது செய்ய முடியுமா?"

நான் சென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வானியல் என் தொழில் அல்ல. ஆனால் இந்தத் துறையின் தரவுகள் பெரும்பாலும் பொதுவில் கிடைப்பதால், சில ஆண்டுகளாக ஆர்வத்தோடு பின்தொடர்ந்து வருகிறேன். சூப்பர்நோவா என்பது ஒரு விண்மீனின் வெடிப்பு; வானத்தில் அது புதிய ஒளிப்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பது இன்று ஏறக்குறைய இயந்திரங்களின் வேலையாகிவிட்டது. அந்தப் புள்ளி என்ன என்று உறுதியாகச் சொல்வதற்குத்தான் நேரமும் தொலைநோக்கியும் போதவில்லை. உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இந்த இடைவெளியை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முன்பு தேடிய முறை வேறு. 1930களில் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி அமெரிக்காவின் பலோமர் மலையில், வானத்தின் அகன்ற பரப்பைப் படமெடுக்கும் ஒரு சிறிய ஷ்மிட் தொலைநோக்கியால் விண்மீன் திரள்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபர்ட் எவன்ஸ் என்ற பாதிரியார், நூற்றுக்கணக்கான விண்மீன் திரள்களின் தோற்றத்தை மனத்தில் பதிய வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தே நாற்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார். பிறகு தானியங்கித் தொலைநோக்கிகள் வந்தன. அவையும் நெடுங்காலம் அருகிலுள்ள பெரிய, பிரகாசமான திரள்களையே பட்டியலிட்டுக்கொண்டு சுற்றி வந்தன. இதில் இருந்த குறையைப் பின்னால் சொல்கிறேன்.

இன்றைய வான் கணக்கெடுப்புகள் எந்தத் திரளையும் முன்கூட்டித் தேர்ந்தெடுப்பதில்லை. அதே பலோமர் மலையில் 2018 முதல் இயங்கும் ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி, சுருக்கமாக இசட்டிஎஃப், 48 அங்குலத் தொலைநோக்கியில் பொருத்திய கேமராவால் ஒரே படத்தில் 47 சதுர பாகை வானத்தைப் பிடித்துவிடுகிறது. முழு நிலவின் பரப்பைப் போல 200 மடங்குக்கும் மேலான பரப்பு இது. ஒவ்வொரு படத்துக்கும் 30 வினாடி போதும். சில இரவுகளுக்குள் வடவானம் முழுவதும் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

இரண்டு படங்களைக் கழித்தால் புதிய புள்ளி மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இந்தக் கழித்தல்தான் முதல் சிக்கல். ஒவ்வோர் இரவும் காற்றின் அலைவு மாறுவதால், ஒரே விண்மீன் ஒரு நாள் கூர்மையாகவும் மறுநாள் பரந்தும் பதிகிறது. எனவே பல நல்ல இரவுகளின் படங்களைச் சேர்த்து உருவாக்கிய ஆதாரப் படத்தை, இன்றைய படத்தின் மங்கலுக்கு ஏற்பக் கணக்கிட்டு மங்கலாக்கிய பிறகே கழிக்கிறார்கள். 'கிலோநோவா சீக்கர்ஸ்' என்ற மக்கள் பங்கேற்புத் திட்டத்தில் இதை நேரடியாகப் பார்க்கலாம். திரையில் மூன்று சிறு கட்டங்கள் வரும்: புதிய படம், பழைய படம், இரண்டின் வித்தியாசம். இரு படங்களும் இம்மியளவு விலகிப் பொருந்தியிருந்தால், வித்தியாசக் கட்டத்தில் வெள்ளைப் பிறையும் கரும்பிறையும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அது போலி. காஸ்மிக் கதிர் கேமராவில் பட்டிருந்தால், மற்ற விண்மீன்களுக்கு உள்ள மென்மையான விளிம்பு இல்லாமல் ஊசி குத்தியது போல ஒரு பிக்சலில் பளிச்சிடும்; அதுவும் போலி. உண்மையான புதிய மூலமோ வட்டமாக, பக்கத்து விண்மீன்களின் அதே அகலத்தில், பழைய கட்டத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் தெரியும். சில படங்களைப் பார்த்துப் பழகியதும் கண் இதைத் தயக்கமின்றிப் பிரித்துவிடுகிறது.

இசட்டிஎஃப் ஒரு நல்ல இரவில் லட்சக்கணக்கான எச்சரிக்கைகளை, அதாவது 'இங்கே ஒளி மாறியிருக்கிறது' என்ற தானியங்கி அறிவிப்புகளை, வெளியிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை சிறுகோள்கள், மாறொளி விண்மீன்கள், தொலைதூரத் திரள்களின் மையக் கருந்துளைகளைச் சுற்றி எழும் ஏற்ற இறக்கங்கள். சிறுகோளைக் கழிக்க ஒரே இரவில் இரண்டாவது முறை அந்த இடத்தைப் படமெடுத்தால் போதும். நகர்ந்திருந்தால் அது நம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மிச்சத்தை இயந்திரக் கற்றல் நிரல்களும் பட்டியல் ஒப்பீடுகளும் சலித்துத் தருகின்றன. இதையெல்லாம் கடந்து வரும் புள்ளிக்குப் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் தளம் 'ஏடி' என்ற முன்னொட்டோடு ஒரு பெயர் தருகிறது. அது வெறும் தற்காலிக ஒளிப்புள்ளி என்பதே அதன் பொருள். நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) எடுத்து, வெடித்த விண்மீன்தான் என்று உறுதி செய்த பிறகே அது 'எஸ்என்' ஆகிறது.

வகைப்பாட்டின் அடித்தளம் 1941இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி வைத்தது. நிறமாலையில் ஹைட்ரஜன் இல்லாதவை 1ஆம் வகை, இருப்பவை 2ஆம் வகை. 1ஆம் வகையில் சிலிக்கானின் ஆழமான தடம் இருந்தால் 1ஏ. சிலிக்கான் வலுவாக இல்லாமல் ஹீலியம் தெரிந்தால் 1பி. இரண்டும் தெளிவாக இல்லையென்றால் 1சி. பெயர்கள் ஒரே வரிசையில் இருந்தாலும் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. 1ஏ என்பது கரியும் ஆக்சிஜனும் நிறைந்த வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சுருங்கிய, அடர்ந்த உள்ளகம்) ஒன்று அணுக்கரு எரிதலால் முழுவதுமாகச் சிதறுவது. மற்றவை பெருநிறை விண்மீனின் உள்ளகம் தன் எடையாலேயே சரிவதால் நிகழ்பவை. 1பி, 1சி ஆகியவை வெடிக்கும் முன்பே வெளி உறைகளை இழந்துவிட்டவை. வெண்குறுமீனின் நிறைக்கு எல்லை உண்டு என்பதை, நம் மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்து 1930இல் கப்பலேறிய சந்திரசேகர் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் எல்லா 1ஏ வெடிப்புகளும் அந்த எல்லையைத் தொட்ட பிறகுதான் நிகழ்கின்றன என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை.

1ஏ வகையின் சிலிக்கான் தடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆய்வகத்தில் அந்த வரியின் அலைநீளம் 6355 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). சூப்பர்நோவா உச்ச ஒளியில் இருக்கும்போது அதே வரி 6150க்கு அருகில் ஓர் அகன்ற பள்ளமாகத் தெரிகிறது. வெடித்த வாயு நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் வேகத்தில் வருவதே இந்த நகர்வுக்குக் காரணம். அதே வேகப் பரவல்தான் வரிகளை இவ்வளவு அகலமாக்குகிறது. அகன்ற வரிகளைக் காண நுணுக்கமான நிறமாலைமானி தேவையில்லை என்பதால், பலோமரின் 60 அங்குலத் தொலைநோக்கியில் குறைந்த பிரிதிறன் கொண்ட ஒரு கருவியை வகைப்பாட்டுக்கென்றே அமைத்தார்கள். நுட்பத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டிய இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். இதன் துணையோடு இசட்டிஎஃப் குழுவினர் 2024 இறுதிக்குள் 10,000க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை வகைப்படுத்தி முடித்தார்கள்.

எப்போது பார்க்கிறோம் என்பதும் வகையைத் தீர்மானிக்கிறது. 1993இல் எம் 81 திரளில் தோன்றிய எஸ்என் 1993ஜே முதலில் ஹைட்ரஜனைக் காட்டி 2ஆம் வகையாகத் தெரிந்தது; சில வாரங்களில் ஹீலியம் மேலோங்கி 1பி போல மாறியது. உறையில் சிறிதளவு ஹைட்ரஜனே மிஞ்சியிருந்த இத்தகைய விண்மீன்களுக்கு 2பி என்று தனிப் பெயர் உண்டு. எஸ்என் 2013எஃப்எஸ் வெடித்துச் சுமார் 3 மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் விண்மீன் இறப்பதற்குச் சற்று முன் உதறிய வாயு ஒளிர்ந்து மறைந்த குறுகிய வரிகளைப் பதிவு செய்ய முடிந்தது. 2023 மே மாதம் எம் 101 திரளில் ஜப்பானின் கோய்ச்சி இட்டாகாக்கி கண்டுபிடித்த எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் விஷயத்திலும், முதல் சில நாட்களில் மட்டும் அந்த வரிகள் இருந்தன. லடாக்கின் ஹான்லேயிலுள்ள நம் இமாலயச் சந்திரா தொலைநோக்கியும் அதைத் தொடர்ந்து நோக்கியது.

இடைவெளி எங்கே என்பதை இப்போது எண்ணிக்கையில் சொல்கிறேன். வானியலில் பொலிவெண் 5 கூடினால் ஒளி 100 மடங்கு குறைகிறது. இந்த அளவுகோலை 1856இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891இல் இறக்கும் வரை நம் நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்துக்குத் தலைமை வகித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை சுமார் 6. இசட்டிஎஃப் ஏறத்தாழ 20.5 வரை கண்டுபிடிக்கிறது. ஆனால் நிறமாலையில் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பரப்ப வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் முறையாக வகைப்படுத்தும் முயற்சி 18.5 வரை மட்டுமே; அதுவே கண்ணின் எல்லையை விட ஒரு லட்சம் மடங்கு மங்கலானது. அதற்கும் கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை 'ஏடி' என்ற பெயரோடே நின்றுவிடுகின்றன. ஆண்டுதோறும் அறிக்கையிடப்படும் புள்ளிகளில் பத்தில் ஒன்றுக்குச் சற்று முன்பின்தான் நிறமாலை கிடைக்கிறது.

இதனால் எண்ணிக்கைகளைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. பொலிவு எல்லை வைத்து எடுத்த பட்டியலில் 1ஏ வகை ஏறத்தாழ 70 சதவீதம். ஆனால் அருகிலுள்ள ஒரு குறிப்பிட்ட கன அளவுக்குள் நிகழ்வதை எண்ணினால், அது நாலில் ஒரு பங்கு அளவே; 2ஆம் வகைதான் பாதிக்கும் மேல். இரவில் மெரினாவிலிருந்து பார்த்தால் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் தொலைவிலும் தெரியும், மீன்பிடிப் படகின் விளக்கோ கரையோரத்தில் மட்டுமே தெரியும். அதற்காகக் கடலில் கப்பல்களே அதிகம் என்று சொல்ல மாட்டோம் அல்லவா? முன்பு குறிப்பிட்ட குறையும் இதே இனம்தான். பெரிய திரள்களை மட்டும் சுற்றி வந்த காலத்தில், சிறு திரள்களில் பெரும்பாலும் தோன்றும் அதிபிரகாச சூப்பர்நோவாக்கள் கண்ணில் படவில்லை. தேர்ந்தெடுக்காமல் முழு வானத்தையும் பார்த்த பிறகே அவை தனி இனமாக வெளிப்பட்டன.

சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் வானாய்வகம் ஒரே படத்தில் ஏறத்தாழ 24.5 வரை போகும். அங்கே கிடைப்பவற்றில் மிகச் சிலவற்றுக்கே நிறமாலை எடுக்க முடியும். மற்றவற்றை ஒளி ஏறி இறங்கும் வளைவையும் நிறத்தையும் வைத்தே வகைப்படுத்த வேண்டும். 1ஏ இரண்டரை வாரங்களுக்கு மேல் ஏறி, நிக்கல் 56 சிதைந்து கோபால்ட்டாகவும் பிறகு இரும்பாகவும் மாறும் ஆற்றலால் ஒளிர்ந்து இறங்கும். 2ஆம் வகையில் பல, உறையின் ஹைட்ரஜன் மெல்லக் குளிர்வதால், சுமார் 100 நாட்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். இது நல்ல அடையாளம். நிறமாலையின் உறுதி இதற்கு வராது. இந்த நிரல்களைப் பயிற்றுவிக்க நிறமாலையால் உறுதிசெய்த பட்டியல்களே தேவை என்பதால், இன்றைய 10,000 வகைப்பாடுகளின் மதிப்பு இனிமேல்தான் கூடப் போகிறது.

சென்னையிலிருந்து செய்யக்கூடியது நிறைய உண்டு. நகரத்து வான வெளிச்சத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நேரத்தை கிலோநோவா சீக்கர்ஸில் செலவிடுங்கள், இணையமும் ஒரு கைபேசியும் போதும். கணினி நிரல் எழுதத் தெரிந்தால், இசட்டிஎஃப் எச்சரிக்கைகள் பொதுவில் இருக்கின்றன; பைத்தானில் ஓர் ஒளி வளைவு வரைந்து பாருங்கள். எதுவும் தெரியாது என்றால், பன்னாட்டுப் பெயரிடும் தளத்தில் அண்மையில் 1ஏ என்று அறிவிக்கப்பட்ட ஒன்றைத் திறந்து, அதனுடன் இணைத்திருக்கும் நிறமாலையில் அந்தச் சிலிக்கான் பள்ளத்தைத் தேடுங்கள். தொலைவிலுள்ள திரளென்றால் செம்பெயர்ச்சியால் (திரள் விலகிச் செல்வதால் அதன் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகர்வது) அது 6150க்குச் சற்று வலப்புறம் தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அளந்து, பக்கத்தில் கொடுத்திருக்கும் செம்பெயர்ச்சி மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம்.