ஆர்சிஏ நிறுவனத்தின் ‘ஐகனோஸ்கோப்’ என்றால் என்ன?

1930களில் அமெரிக்காவின் வானொலி நிறுவனமான ஆர்சிஏவில் பொறியாளர் விளாடிமிர் சுவோரிகின் குழு மேம்படுத்திய தொலைக்காட்சி கேமராக் குழாய் இது. காட்சியை மின்சாரமாக மாற்றுவது இதன் வேலை.

கேமரா படத்தைப் புள்ளி புள்ளியாகத்தான் படிக்கும். ஒரு புள்ளியைப் படிக்கும்போது மற்றவற்றில் விழும் ஒளியெல்லாம் முன்பு வீணானது. அதனால் கண்கூசும் விளக்குகள் தேவைப்பட்டன. ஐகனோஸ்கோப்பிலோ மைக்காத் தகட்டின் மேல் எண்ணற்ற வெள்ளித் துளிகள். ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து வைத்து, படத்தைப் படிக்கும் எலக்ட்ரான் கற்றை தொடும்போது கொடுத்துவிடும். சொட்டுகிற தெருக்குழாயில் கையேந்தி நின்றால் என்ன கிடைக்கும்? குடத்தை வைத்துவிட்டுப் போய், பிறகு வந்து எடுப்பதுதானே வழக்கம். அதே சூட்சுமம்தான்.

தொலைக்காட்சியையே ஆர்சிஏதான் கண்டுபிடித்தது என்பது தவறு: அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஃபிலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1927இலேயே மின்னணு முறையில் படம் அனுப்பிவிட்டார், 1939இல் ஆர்சிஏ அவருக்கு உரிமத்தொகை தர ஒப்புக்கொண்டது.